கழுத்து வரைக்கும் பெட்ரோல்

மதிவதனியிடம் போய், “வண்டிதான் ஓடுதுல்ல, விடு” என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு உங்களுக்குப் போதாத காலம்தான். ஒன்று ஏன் ஓடுகிறது, ஏன் நின்றது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நெடுங்காட்டுக்காரி. காரைக்கால் ஜவுளிக்கடையில் வருடக்கணக்காகப் புடவை மடித்தவள். கல்யாணம் என்று ஒன்று நடந்து, வந்த வேகத்தில் முடிந்தும் போனது. அதைப் பற்றி அவளே வாய் திறப்பதில்லை, நாம் எதற்குக் கிளற வேண்டும். பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள் நகையை விற்றாள், பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாள், மஞ்சள் போர்டு மாட்டித் திருச்சி விமான நிலையத்துக்குச் சவாரி ஓட்ட ஆரம்பித்தாள்.

பிரான்சுக்குப் போய் வருகிற குடும்பங்கள் அவளைத்தான் கூப்பிடும். அதிலும் எலேன் அம்மா, மதி ஓட்டினால்தான் காரில் ஏறுவார்.

அப்படிப்பட்ட காருக்கு இந்தச் சித்திரையில் ஒரு வியாதி வந்தது. கிளம்பும்போது பரம சாது. எஞ்சின் சூடேறி நாகூர் ரயில்வே கேட்டில் நின்றதோ இல்லையோ, கிடுகிடுவென்று நடுங்கும். “ஏம்மா, வண்டிக்குக் குளிர் ஜுரமா?” என்று எலேன் அம்மா முதலில் சிரித்தார். அடுத்த முறை கேட்டிலேயே எஞ்சின் செத்துப் போனது. பின்னால் அத்தனை வண்டிகளும் ஹாரன் அடிக்க, பிளேனைத் தவறவிடப் பயந்து அவர் வேறு டாக்ஸி பிடித்துப் போனார். மதிக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

அண்ணன் மாறனுக்கு இது போதாதா? “அதைத் தலைமுழுகு. வாங்குறதுக்கு நானே ஆள் பாக்குறேன்” என்று குதித்தான். “ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா வித்துக்க, போ!” என்று இவளும் வீம்புக்குச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். கார் போனால் மறுபடியும் அதே ஜவுளிக்கடை, அதே புடவை மடிப்பு.

“பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு. இனிமே என்னையத்தான் மாத்தணும்” என்று கையைத் துடைத்துக்கொண்டார் மெக்கானிக் சேக் அலாவுதீன். “பெட்ரோல்ல ஏதோ கலப்படம்மா.”

“அதே பெட்ரோல்லதானே பாய் திரும்பி வர்றேன்? போகும்போது நடுங்குது, வரும்போது நடுங்கல. அதே ரோடு, அதே சூடு. அது ஏன்?”

பாய் கை துடைத்த துணியைக் கீழே போட்டார். “அட, ஆமால்ல!” என்றார். அவருக்கும் பிடித்துக்கொண்டது அந்த ‘ஏன்’.

இருவரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார்கள். பெட்டி படுக்கை பாரமா? அது வரும்போதும் இருக்கிறது. ஏ.சி.யா? அதுவும் இரண்டு பக்கமும் ஓடுகிறது. போவதற்கும் வருவதற்கும் என்னதான் வித்தியாசம்? “போகும்போது டேங்க் நிறைஞ்சிருக்கு பாய். வரும்போது குறைஞ்சிருக்கு” என்றாள் மதி, சொல்லும்போதே குரல் இறங்கியது.

தமிழ்நாட்டைவிடக் காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவு. அதனால் எல்லை தாண்டுவதற்கு முன் டேங்கை முட்ட முட்ட நிரப்புவது இந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். குழாய் ‘டக்’கென்று தானாக நின்ற பிறகும் விடமாட்டார்கள். காரைப் பிடித்து ஆட்டி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, “இன்னும் கொஞ்சம் புடிக்கும், ஊத்துங்க” என்பார்கள். மதி இதில் கைதேர்ந்தவள்.

சனிக்கிழமை பெட்ரோல் பங்குக்குப் போய், “டக்குன்னதும் நிறுத்திடுங்க” என்றாள். “என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டான் பங்குக்காரன். பாயை ஏற்றிக்கொண்டு வெயிலில் நாகூர் கேட் வரை ஓட்டி, நிறுத்தினாள். நடுக்கம் இல்லை. திரும்பி வந்து, வழக்கம்போல ஆட்டி ஆட்டிக் கழுத்து வரைக்கும் ஊற்றிக்கொண்டு மறுபடி போனாள். கேட்டில் நின்றதும் கார் நடுங்கியது. “நடுங்குது பாய், நடுங்குது!” என்று கைகொட்டிச் சிரித்தாள். பக்கத்து ஸ்கூட்டர்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பட்டறைக்கு வந்ததும் பாய் காருக்கு அடியில் படுத்து ஒரு சின்ன டப்பாவின் குழாயைப் பிடுங்கினார். பெட்ரோல் சொட்டியது. டேங்கிலிருந்து வருகிற ஆவியைப் பிடித்து வைப்பதற்காக உள்ளே கரி அடைத்த டப்பா அது. எஞ்சின் சூடானதும் அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். ஆவி மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் பெட்ரோலே போனால் எஞ்சினுக்குப் புரையேறாமல் என்ன செய்யும்?

“அடப்பாவி! நானே ஊத்தி ஊத்தி இதைக் கெடுத்திருக்கேன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள் மதி. பாய் டப்பாவை மாற்றிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாறன் சொன்னபடியே கார் வாங்கத் திருநள்ளாற்றிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்து நின்றான். மதி இருவரையும் ஏற்றிக்கொண்டு நல்ல வெயிலில் நாகூர் போய்த் திரும்பினாள். கேட்டில் நின்றபோது எஞ்சின் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. வந்தவருக்கு ஒரே சந்தோஷம்.

“பாத்தியா! இப்ப நல்ல விலைக்குப் போகும்” என்றான் மாறன், வீட்டு வாசலில் இறங்கியதும்.

மதி அவனையே பார்த்தாள். “நடுங்குனப்பவும் வித்துடுன்னே. நல்லா ஓடுறப்பவும் வித்துடுங்கிறே. அப்ப கோளாறு கார்ல இல்லண்ணே. உனக்கு என்ன?”

“ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா?”

“ஊரு பேசுறது புதுசா? அது இல்ல. வேற சொல்லு.”

“அலைச்சல், உடம்பு...”

“அதுவும் இல்ல.”

மாறன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “நீ திருச்சி போனா, வந்து நம்ம வீட்டு கேட்டைத் திறக்குற சத்தம் கேக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது மதி. போன் பண்ணலாம்னா, ஓட்டிக்கிட்டே எடுப்பியோன்னு பயம். நானும் எத்தனை நாளைக்கு இப்படிப் படுத்துக் கிடக்குறது?”

தங்கச்சி டாக்ஸி ஓட்டுவது இவனுக்கு வெட்கம் என்றுதான் இத்தனை நாளும் மதி நினைத்திருந்தாள்.

“இதை ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? ஊருக்கு ஊரு நிறுத்தி நானே போன் அடிச்சிருப்பேனே!”

“தம்பி,” என்று மெதுவாகக் கனைத்தார் திருநள்ளாற்றுக்காரர், “விலை என்னன்னு...”

“மன்னிச்சுக்கங்கண்ணே,” என்றான் மாறன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “தங்கச்சிக்கு நாளைக்குத் திருச்சி சவாரி இருக்கு. வண்டி விக்கிறதுக்கு இல்ல.”