மொன்ட்ரியால்-நோரில் ஓர் அப்பாவின் உண்மைப் பெயர்

போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொக்ஸ்பரோவிலிருந்து, மொன்ட்ரியால் தீவின் மறுபக்கத்தில் இருக்கும் மொன்ட்ரியால்-நோருக்குப் போனேன். என்னோடு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும் சொக்கா கூப்பிட்டிருந்தாள். அவள் கம்போடியாவில் பிறந்த கெமர் பெண். அன்று அவர்களுடைய பிதிர் நாள்.

"இண்டைக்கு அப்பான்ர உண்மையான பேரைச் சொல்லப்போறன். அண்ணை விடமாட்டார். நீ பக்கத்தில நில்லு," என்று காலையில் போனில் சொன்னாள். நாங்கள் கதைப்பது பிரெஞ்சில்தான். எனக்கு வரும் தமிழில் எழுதுகிறேன்.

கார் இல்லாதவர்களுக்கு வழி இது: பஸ்ஸில் கோத்-வெர்து, அங்கிருந்து மெட்ரோவில் ஆன்ரி-புராசா, பிறகு இன்னொரு பஸ். எப்படியும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஒரே தீவுக்குள் இவ்வளவு நேரமா என்று திட்டிக்கொண்டே போனேன்.

ஆன்ரி-புராசாவில் சொக்கா நின்றாள். கடைசி பஸ்ஸில் கேட்டேன், எழுபதுகளில் கம்போடியாவைப் பிடித்து ஆண்டவர்கள் சொந்தச் சனத்தையே ஏன் கொன்றார்கள் என்று.

"சண்டை, வானத்திலயிருந்து குண்டு, கிராமத்துச் சனத்துக்குப் பட்டணத்தில கோபம். அந்தக் கோபத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்தவங்கள், நாட்டைப் பூச்சியத்திலயிருந்து தொடங்குவம் எண்டாங்கள். பள்ளிக்கூடம் இல்லை, விகாரை இல்லை, காசு இல்லை. படிச்சவன் எதிரி."

போர் மனிதர்களைப் பைத்தியமாக்கிவிட்டது என்று சிலர் சொல்லி முடிப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பைத்தியம் ஆள் பார்த்துக் கொல்லாது. இவர்கள் யோசித்துத்தான் செய்தார்கள்.

சொக்காவின் அப்பா கணக்கு வாத்தியார். அவரைக் கொண்டுபோன பிறகு, பன்னிரண்டு வயது அண்ணன் ஐந்து வயதுத் தங்கைக்கு ஒரு பொய்யைப் பாடமாக்கினான்: அப்பா பெயர் சாம், மாட்டுவண்டிக்காரர். அந்தப் பொய்தான் இருவரையும் காப்பாற்றியது. கனடாவுக்கு வந்தும் அண்ணன் அதை விடவில்லை. கொன்றவர்களில் யாராவது இதே நகரத்தில் இருந்தால்? விகாரையிலும் வருடா வருடம் சாமுக்குத்தான் படையல்.

இந்த நாட்களில் இறந்தவர்கள் விகாரை விகாரையாக அலைந்து, தங்கள் பிள்ளைகள் வைத்த சோற்றைத் தேடுவார்கள் என்பது கெமர் நம்பிக்கை. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வேறு பெயருக்கு வைத்தால்?

"இவ்வளவு வருசமும் அப்பா பசியோட திரும்பிப் போயிருக்கிறார்," என்றாள் சொக்கா.

விகாரை என்று கோபுரம் தேடாதீர்கள். அது இரண்டு மாடி வீடு. வாசல் நிறையச் சப்பாத்து, உள்ளே தேங்காய்ப்பால் மணம். பிக்குவுக்கு முன்னால் அவர்களுடைய முறை வந்ததும் அண்ணன் அவள் கையைப் பிடித்தார். அறுபது தாண்டிய மனிதரின் முகத்தில் அப்படியொரு பயம்.

"வேண்டாம். ஆர் இருக்கினமோ தெரியாது."

"இருக்கட்டும் அண்ணை. கேக்கட்டும்."

மைக்கை வாங்கி, "கெம் வுத்தி" என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரும் எழுந்து ஓடவில்லை, யாரும் அடிக்க வரவில்லை. அண்ணன் அவள் கையை விட்டார். பிறகு மைக்கை வாங்கி, கெமர் மொழியில் ஏதோ சொன்னார். சொக்கா அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள்: "கணக்கு வாத்தியார் எண்டு சொல்லுறார்."

போக நினைப்பவர்களுக்கு: புரட்டாசி அமாவாசையை ஒட்டித்தான் இந்த நாள் வரும். பிக்குகள் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடுவதில்லை, ஆகவே பதினொரு மணிக்கு முன் போய்விடுங்கள். வெள்ளைச் சட்டை நல்லது. பாவம் பார்க்கும் முகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அவர்கள் அழிந்துபோன சனமல்ல. தட்டில் சோறு போட்டுக்கொண்டே இருப்பார்கள். போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள். பட்டினியில் சாகாமல் தப்பி வந்த சனத்திடம் அந்தச் சொல் எடுபடாது.