விழுந்து எழும் பயிற்சி

1990களில் அப்பா ஒருமுறை குளியலறையில் விழுந்தார். அதன்பிறகு அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். அக்கறை என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் காலை, நான் பூட்ட மறந்த பின்கதவு வழியாக மந்தைவெளிப் பூங்காவுக்குப் போய், நான் தேடி வந்தபோது அங்கே முதியோர் உடற்பயிற்சிக் குழுவில் நின்றிருந்தார். எனக்கு வெறி ஏறியது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். வர மறுத்தவரை ஓங்கித் தள்ளினேன். விழுந்தார். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

பதறிப்போய்த் தூக்கக் குனிந்தேன். குழுவில் இருந்த மீன்காரி லூர்தம்மாள் பளாரென்று அறைந்தாள்.

"இன்னா மன்சன்டா நீ! கைய எடு, அவரே எந்திரிப்பாரு."

அப்பா ஒருக்களித்தார், முழங்காலை ஊன்றினார், பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்றார்.

"விழுந்தா எப்படி எழுந்திருக்கறதுன்னுதான்டா இங்க சொல்லித் தராங்க," என்றார்.

குளியலறைத் தரையை நினைத்துத்தான் அவர் பழகியிருப்பார். என் கையை நினைத்திருக்க மாட்டார்.