சின்னம்மாவின் மிளகு ரசம்

நேற்று மருந்துக்கடையில் ஒரு கிழவி, "மத்து கொடி" என்று, அதாவது மத்து கொடுங்கள் என்று, கன்னடத்தில் கேட்டாள். மத்து என்ற அந்தச் சொல் என்னைத் தொண்ணூறுகளுக்கு இழுத்துப் போனது.

நாங்கள் பிழைக்க மைசூருக்கு வந்த புதிது. தம்பி பிறந்து இறந்த பிறகு அம்மா யாரிடமும் பேசவில்லை, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. டாக்டர் அப்பாவிடம், "மாதாடோதே இவ்ரிகெ மத்து" என்றார். கன்னடம் புரியாத அப்பாவுக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் பிடிபட்டது. மத்து என்றால் சோற்றில் திருட்டுத்தனமாக வைக்கும் செய்வினை மருந்து என்றுதான் அப்பா கேள்விப்பட்டிருந்தார். அம்மாவுக்குத் தினமும் மிளகு ரசம் கொண்டுவந்தவள் அவள் தங்கை, என் சின்னம்மா.

"உன் ரசத்துலதான் என்னவோ இருக்கு. இனிமே படியேறாத!"

"என் அக்காவுக்கு நானே வைப்பேனா மாமா?"

அம்மா இன்னும் மெலிந்தாள். விஷயம் கேட்ட, தமிழும் தெரிந்த எங்கள் கன்னட வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ ராமா! மத்துன்னா மருந்துப்பா. வாய்விட்டுப் பேசறதுதான் அவளுக்கு மருந்துன்னு சொல்லியிருக்காரு!"

அப்பாவே போய்ச் சின்னம்மாவை அழைத்துவந்தார். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு தம்பியைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அன்று சாப்பிட்ட சோறு அம்மாவின் வயிற்றில் தங்கியது. எல்லாம் சாமுண்டித் தாயின் கருணை.

ஆனாலும் கடைசிவரை அப்பா ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகே அம்மாவிடம் ரசத்தைக் கொடுப்பார்.

சின்னம்மா சிரிப்பாள். "இன்னும் உசுரோடதான் இருக்கீங்களா மாமா?"