மோதிரம் போட்டுப் பார்த்த அத்தை

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். முறைப்படி அத்தை என்று அழைக்க வேண்டியவர்கள் இரண்டே பேர், நகைக்கடைக்காரரான அவள் அண்ணனின் மகனும் மகளும். அவர்கள் வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எதிர்வீட்டுக் கொல்லர், கோட்டைக் காவலர், அவளைவிட மூத்த மந்திரக்காரர்கள் வரை அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஊருக்குப் பின்னால் மலை. மலைக்குள் குகைகள், குகைகளில் பூதங்கள், பூதங்கள் காத்துக் கிடக்கும் பழைய புதையல். வாளும் ஈட்டியும் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறவர்களில் உயிரோடு திரும்புகிறவர்கள், கிடைத்ததை விற்க முதலில் ஏறுவது இந்தக் கடைப் படியைத்தான். பின்கட்டுப் பட்டறையில் அண்ணன் ஊதுகுழலோடு இருப்பார். முன்னால் தராசுக்குப் பக்கத்தில் அண்ணி. இருவருக்கும் நடுவே ஒரு சின்ன மேசையில் அத்தை. வருகிற மோதிரங்களைப் போட்டுப் பார்ப்பது அவள் வேலை.

குகையில் கிடைக்கும் மோதிரத்தை உரைகல்லில் தேய்த்தால் கல் நீலமாக மின்னும். உள்ளே மந்திரம் இருக்கிறது என்று அதற்குப் பொருள். என்ன மந்திரம் என்பதை யாராவது விரலில் மாட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் அப்பாவே மாட்டிப் பார்த்தார். ஒரு மோதிரம் அவருடைய இடது காதை அடைத்துவிட்ட பிறகு, இனி யார் என்ற கேள்வி வந்தது. அண்ணனுடையது பொன்வேலைக் கை. அதற்கு ஒன்று ஆனால் கடையை மூட வேண்டியதுதான். அண்ணி அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். எல்லோர் பார்வையும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இவள்மேல் வந்து நின்றது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"சும்மா ஒரு தடவை போட்டுப் பாரேன்" என்றார் அண்ணன்.

அந்த ஒரு தடவை, அவள் தலையில் நரை எட்டிப் பார்க்கும்வரை நீண்டது. ஒரு மோதிரம் இருட்டில் கண் தெரிய வைத்தது. மற்றொன்று ஓயாமல் விக்கல் எடுக்க வைத்தது. இன்னொன்று உண்மையைத் தவிர வேறு பேசவிடவில்லை. அன்று கடைக்கு வந்த படைத்தலைவரிடம், "இந்த மீசை உங்களுக்குப் பொருந்தவே இல்லைங்க" என்று சொல்லித் தொலைத்தாள். பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், என்றைக்கு எதை மாட்டிக்கொண்டு எப்படி வந்து நிற்பாளோ என்று பயந்து ஒதுங்கிக்கொண்டார்கள். அவள் அதற்கும் முகம் சுளிக்கவில்லை. தனக்குக் கோபமே வராது என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்த நேரம், ஈட்டிக்காரி ஒருத்தி ஒரு மோதிரம் கொண்டுவந்தாள். கல் இல்லை, பூ வேலை இல்லை, வெறும் சாம்பல் நிற வளையம். உரைகல் பளீரென்று மின்னியது. அத்தை அதைத் துடைத்து, வழக்கம்போல் இடது கை மோதிர விரலில் மாட்டினாள்.

"ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

கழற்றப் போனால் வரவில்லை. எண்ணெய் தடவினாள், அசையவில்லை. அண்ணி நூலைச் சுற்றி இழுத்தாள். அண்ணன் ரம்பத்தை வைத்து அறுத்தார், பல்தான் உடைந்தது. அதற்குள் விரல் நுனி வெளுத்துவிட்டது. அண்ணி நகத்தைத் தட்டினாள். டக் டக்கென்று கூழாங்கல்லைத் தட்டுவதுபோல் கேட்டது.

ஈட்டிக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"இதை எங்கேருந்து எடுத்தீங்க?" அண்ணி கேட்டாள்.

"குகைக்குள்ள ஒரு சிலை உக்காந்திருந்துச்சுங்க. அதோட விரல்ல இருந்துச்சு. சிலைன்னுதான் நினைச்சோம்... சத்தியமா சிலைன்னுதான் நினைச்சோம்."

"எப்படிக் கழட்டினீங்க?"

"விரலை உடைச்சு."

 அண்ணன், சாபம் தீர்க்கும் வைத்தியரைக் கூட்டி வருவதாகச் சொல்லி, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். வைத்தியர் இருப்பது ஆற்றுக்கு அக்கரையில். அவர் வருவதற்குள், விரலில் பரவும் கல் எங்கே போய் நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அத்தை கையை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"அண்ணி, உளியும் சுத்தியலும் எடுத்துட்டு வாங்க."

"உங்க அண்ணன் வரட்டுமே..."

"அண்ணனுக்குக் கை நடுங்கும். உங்களுக்கு நடுங்காது."

அண்ணி எடுத்து வந்தாள். ஆனால் உடனே வெட்டவில்லை. மோதிரம் விரலின் அடியில் இருந்தது. அதற்குக் கீழே இன்னும் சதை. கல் மோதிரத்தைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கிய பிறகு அடித்தால் வலியும் இருக்காது, ரத்தமும் வராது. அதிகம் இறங்கவிட்டால் உள்ளங்கை போய்விடும். ஆகவே காத்திருந்தார்கள். அண்ணி ஓர் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இங்கே?"

"தெரியலை."

"இங்கே?"

"வலிக்குது."

ஊசி அடுத்த கணுவுக்கு இறங்கியது. அண்ணி தலை நிமிராமலே கேட்டாள்.

"ஒரு தடவைகூட உனக்குக் கோபம் வரலையா? எங்க எல்லார் மேலயும்?"

"வந்துச்சு."

"எப்போ?"

"இப்பத்தான்."

அண்ணியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மேசைமேல் விழுந்தது. "உன்னை ஏன் போடச் சொல்றாங்கன்னு நான் அப்பவே கேட்டிருக்கணும்" என்றாள்.

"கேட்டிருந்தா அடுத்த கை உங்களோடதுதான் அண்ணி. நீங்க ஏன் கேக்கலைன்னு எனக்குத் தெரியாதா? அழுதுக்கிட்டே உளியை வச்சு கோணலா அடிச்சுடாதீங்க."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மறுபடி ஊசி. மோதிரத்துக்குக் கீழே, விரல் கையோடு சேரும் இடத்தில், இப்போது வலி இல்லை. ஈட்டிக்காரி ஓடிப்போயிருக்கலாம், போகவில்லை. அவள் அத்தையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அண்ணி உளியை வைத்து ஒரே போடு போட்டாள். ஓடு உடைவதுபோல் சத்தம் கேட்டது. விரல் மேசைமேல் கிடந்தது. அத்தை அதைப் பார்த்தாள். தன்னுடையது என்றே தோன்றவில்லை. 

அண்ணன் வைத்தியரோடு வந்து சேர்ந்தபோது அவளைச் சுவரோரம் படுக்க வைத்திருந்தார்கள். வைத்தியர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் கல் ஏறாது என்றார். விரல் இருந்த இடத்தில் பருப்பளவு கல் மட்டும் நிற்கும், அது நிற்கட்டும், தோண்ட வேண்டாம். மோதிரத்தை ஈயப் பெட்டியில் போட்டு மூடி அவரே எடுத்துப் போனார்.

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து, "நான் இருந்திருந்தா..." என்று தொடங்கினார்.

"இருந்திருந்தா அழுதிருப்பீங்க. எழுந்து உள்ளே வாங்க" என்றாள் அண்ணி.

கை ஆறியதும் அத்தை செய்த முதல் காரியம், ஈட்டிக்காரிக்கு ஆள் அனுப்பியதுதான். குகைக்குள் உட்கார்ந்திருப்பவர் சிலை இல்லை, ஆள். அவரை அங்கேயே விடக் கூடாது என்றாள். ஈட்டிக்காரி தன் கூட்டாளிகளோடு போய், கயிறு கட்டி இழுக்கும் சறுக்குக் கட்டையில் வைத்து அவரை இறக்கிக் கொண்டுவந்தாள். நடுத்தர வயது, சாந்தமான முகம். எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ, யாருக்கும் தெரியவில்லை. உட்கார்ந்த நிலையிலேயே அகலமான குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். அண்ணன் தம் கையாலேயே மண் தள்ளினார். கடைசிவரை அவர் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடை மறுபடி திறந்தது. ஒரு வாள்காரன் மோதிரத்தோடு வந்தான். உரைகல் மின்னியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அண்ணன் மெல்லத் தம் கையை நீட்டினார். வேலைக் கை, வலது கை.

அத்தை மோதிரத்தை எடுத்து வாள்காரனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இங்கே இனிமே யாரும் போட்டுப் பார்க்க மாட்டாங்க தம்பி."

"தெரியாம எப்படிம்மா வாங்கறது?" என்று அண்ணன் தயங்கினார்.

"தெரியாததை வாங்க வேண்டாம் அண்ணா."

அவளுடைய குரலில் சண்டை இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் அவள் ஒன்றை வேண்டாம் என்று சொல்லி எல்லோரும் கேட்டது அன்றுதான். அண்ணன் கையை மடக்கிக்கொண்டார்.

வியாபாரம் படுத்துவிட்டது. குகை மோதிரங்கள் எல்லாம் கோட்டை வாசல் கடைக்குப் போயின. அங்கே கூலிக்கு ஆள் வைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாள் அத்தை சாப்பிடவில்லை. மறுநாள் அங்கே போய், அந்த ஆளை வெளியே கூப்பிட்டுத் தன் கையைக் காட்டினாள். அவன் பார்த்தான், தலையாட்டினான், உள்ளே போய்விட்டான். வீட்டில் அவனுக்கு எத்தனை வாயோ.

இவர்கள் அறுந்த சங்கிலியை ஒட்டவும், தோடு செய்யவும், தெரிந்த மந்திரக்காரர்கள் ஓதித் தரும் காவல் கற்களைப் பதிக்கவும் இறங்கினார்கள். வயிற்றைக் கழுவ அது போதும்; மீதி நிற்காது. அத்தை கல் பதிக்கக் கற்றுக்கொண்டாள். நான்கு விரலால், கல்லை ஒட்டி எடுக்கும் மெழுகுக் குச்சியைப் பிடிக்க ஆரம்பத்தில் திணறினாள். மழைக்காலத்தில் அந்தப் பருப்பளவு கல் சில்லென்று ஆகிவிடும். அடுப்போரம் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வாள்.

ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும் இடத்துக்கு அவளுக்கும் அண்ணிக்கும் தினமும் தகராறு. முன்பெல்லாம் இருவரும் விருந்தாளிகள்போல் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். இப்போது தெருவே கேட்கிற மாதிரி வாய்ச்சண்டை போடுகிறார்கள்.

"நகரு அந்தாண்டை! எனக்குத் தராசு முள்ளே தெரியலை."

"உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னா நான் என்ன பண்றது அண்ணி? விளக்கை ஏத்திக்கோங்க."

பட்டறையில் அண்ணன் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொள்கிறார். நடுவில் புகுந்தால் இரண்டு பக்கமும் வாங்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும்.