பள்ளத்தைப் பார்த்து நிற்கும் பஸ்

சுந்தரதாஸ் இடது தொடையை இரண்டு கையாலும் தூக்கி, பாதத்தைக் கிளட்சின்மேல் வைக்கிறார். "லேகா, கட்டையை எடு பிள்ளே." முன்சீட்டுக்காரி லேகா இறங்கி, சக்கரத்தடியில் செருகியிருக்கும் பலாக்கட்டையை இழுக்கிறாள். பஸ் சரிவில் உருண்டு, இருமி, பாதி வழியில் உயிர்பிடிக்கிறது. அவள் கட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்து ஏறிக்கொள்கிறாள்.

காரோடு ஊரிலிருந்து பனச்சமூடு பக்கத்து முந்திரி ஆலைக்கு நாற்பது பெண்களைக் கொண்டுபோகும் கிழட்டு பஸ் அது. இஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் செத்து இரண்டு வருடம். அதனால் எங்கே நிறுத்தினாலும் மூக்கு பள்ளத்தைப் பார்த்துத்தான். சர்ச்சுக்கு ஸ்கூட்டரில் போனாலும் மனுஷன் சரிவு தேடுகிறார் என்று மனைவி ஜெஸி கேலி செய்வாள்.

வயது அறுபத்தொன்று. இடது மூட்டில் எலும்பும் எலும்பும் உரசுகிறது. முதல் கியருக்கு மட்டும் கிளட்ச். மற்றதெல்லாம் இஞ்சின் சத்தம் இறங்கும்போது காதால் பிடித்துப் போடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து வந்த நான் பாராட்டினேன். "காலு போனா காது உண்டு மக்கா. ஆனா சீணமாட்டு இருக்கு, உடம்பு தளந்து போச்சு" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூட்டு ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் போகவில்லை. மாற்றாக வந்த டிரைவர்கள் ஒரே நாளில் ஓடிவிட்டார்கள். புது மோட்டார் கேட்டால் ஆலை மேனேஜர், "ஓடுற வண்டிக்கு எதுக்கு?" என்கிறார். இவர் ஓட்டும்வரை அது ஓடுகிற வண்டிதானே. அந்த ஆள்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுந்தரதாஸுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. "நான் இல்லேன்னா இவளுவ ரெண்டு பஸ் மாறணும். நேரம் தப்பினா கேட்டைப் பூட்டிப்போடுவாவ" என்பதோடு சரி.

மூன்றாவதாகக் குறித்த நாள் வரும் திங்கட்கிழமை. ஜெஸி இந்த முறை சண்டை போடவில்லை. ஆஸ்பத்திரிப் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மாலை கடைசி ட்ரிப்பில் நானும் இருந்தேன். எல்லாரும் இறங்கிய பின் லேகா மட்டும் கட்டையோடு நின்றாள். வழக்கமாக ராத்திரி நிறுத்தும் மேட்டுக்குப் பஸ் ஏறவில்லை. அடிவாரத்தில், சர்ச் மைதானத்தின் சமதரையில், இஞ்சின் ஓட நின்றது.

"அண்ணே, இஞ்ச நிறுத்தினா திங்களாழ்ச்ச எப்பிடி எடுப்பிய?"

"வண்டி ஓடாதாக்கும்னு மேனேஜருக்கு இப்பமே போன் போடு. வேற வண்டி விடட்டு."

லேகா போனை எடுத்தாள். சுந்தரதாஸ் இஞ்சினை நிறுத்தும் குமிழைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு இழுத்தார்.