திரும்ப முளைக்காத சதை

மகனின் கல்யாணத்தன்று காலையில், மண்டபத்தின் பின்னறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதல் வலி வந்தது. நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. பிறகு தாடைக்கும் இடது கைக்கும் ஏறியது. வேர்வையில் ரவிக்கை நனைந்துவிட்டது. பெண் வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. தைலம் தேய்த்தால் வாசம் காட்டிக் கொடுத்துவிடும் என்று அதையும் தேய்க்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் கல்யாணத்தன்று படுத்துவிட்டால் பழி யார் தலையில் விழும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். வருகிற பெண்ணின் ராசி என்பார்கள். மருமகளாக வரும் வசந்திக்கு அந்தப் பெயர் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆரத்தி எடுத்தேன். வந்தவர்களைச் சாப்பிட்டுப் போகச் சொன்னேன். சாயங்காலம் மருமகளை வீட்டுக்குள் அழைத்த பிறகு சமையற்கட்டில் விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் தமிழர்தான், யாழ்ப்பாணத்துக் குடும்பம். வலி வந்தவுடனே வந்திருந்தால் அடைப்பைக் கரைக்கும் ஊசி நன்றாக வேலை செய்திருக்கும் என்றார். எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிப்பது) எடுக்க ஓர் ஆண் வந்தபோது நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். இதயத்தின் முன்பக்கச் சதையில் பெரும்பகுதி செத்துவிட்டது, அந்த இடம் அசையவே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

வார்டில் என் நாத்தனார், வசந்தி கஞ்சியோடு நிற்கும்போதே சொன்னாள்: "கால் வச்ச அன்னிக்கே மாமியாளைப் படுக்க வச்சிட்டா லா."

மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. காலையிலிருந்து நான் பொறுத்துக்கொண்டதெல்லாம் அந்த ஒரு பேச்சில் வீணாய்ப் போனது. எனக்குப் பேச மூச்சு இல்லை. மூச்சு இருந்திருந்தாலும் அன்று பேசியிருப்பேனா தெரியாது. நான் நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள்.

வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆயின. கால் வீங்கியது. தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியவில்லை. ஒருநாள் வசந்தி வேலை முடிந்து, ஃபேக்டரி உடுப்பைக்கூட மாற்றாமல், இங்கிலீஷ் பேப்பரோடு வந்து உட்கார்ந்தாள். வெளிநாட்டில் இதயச் சதையை உடம்புக்கு வெளியே வளர்க்கிறார்களாம்.

"இத உங்களுக்கு வச்சுத் தச்சிட்டா சரியாயிடும் அத்தை. அப்புறம் யாரும் என்னைய ஒன்னும் சொல்ல முடியாது."

அவளுக்கு அது என் இதயம் மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவளுக்காகத்தான் நான் மறுபடியும் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குட்டி எலியின் இதயத்திலிருந்து செல்களை (உடம்பைக் கட்டும் மிகச்சிறு உயிரணுக்கள்) எடுத்துத் தட்டில் வளர்க்கிறார்களாம். கொடி படரப் பந்தல் போடுவதுபோல மெல்லிய வலையில் அவற்றைப் படர விடுகிறார்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்து தானாகத் துடிக்குமாம்.

நிபோங் திபால் ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் மரத்தில் பால் வெட்டியவள் நான். வெட்டிய பட்டை மறுபடி வளர்வதைப் பார்த்தவள். அதனால் வெட்கத்தை விட்டு, இதயம் அப்படி வளராதா என்று கேட்டேன்.

"வளராதும்மா. வடுதான் கட்டும். வடு சுருங்கி விரியாது."

கத்தி பட்டையைத் தாண்டி ஆழமாய்ப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் அங்கே பால் வராத முண்டு கட்டிவிடும். அப்படித்தான் என்று எனக்கு விளங்கியது.

வசந்தி முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினாள். "என் சதையிலேர்ந்து எடுங்க டாக்டர்."

கைச்சதை வேறு, இதயச் சதை வேறு என்றார் அவர். எலியிலேயே இன்னும் முழுசாகச் சரிவரவில்லை, மனிதருக்கு வரப் பத்து வருஷமோ இருபது வருஷமோ என்றார். அவள் சட்டைக்கையை இறக்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தபோது, எல்லார் முன்னாலும் நான் வாயைத் திறந்தேன். "அவ ஏறி வந்த காடி மண்டபத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே எனக்கு வலி வந்திருச்சு. அப்ப அவ கால் எங்கேயும் படல."

நாத்தனார் அசரவில்லை. "அப்ப அவ அவங்க வீட்டை விட்டுக் கெளம்பின நேரம் சரியில்ல போல அண்ணி," என்றாள்.

என் மகன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதைப் படிக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். நெஞ்சு அழுத்தி வேர்த்தால், கல்யாண மேடையாக இருந்தாலும் சொல்லிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீங்கள் பொறுத்துக்கொள்வதால் யாருடைய வாயும் மூடாது. சதைதான் சாகும்.

இப்போது என் நெஞ்சில் ஒரு பக்கம் வேலை செய்கிறது, ஒரு பக்கம் சும்மா கிடக்கிறது. குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டும் முன் உட்கார வேண்டியிருக்கிறது. டாக்டர் சொன்ன வருஷங்கள் எனக்கு இல்லை. நாளைக்கே நான் செத்தால் அதையும் வசந்தியின் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அதனால் உப்பில்லாத சோற்றைத் தின்கிறேன், மாத்திரையை விழுங்குகிறேன். காலையில் கண் விழித்ததும் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். துடித்தால், இன்றைக்கு அவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுந்திருக்கிறேன்.