தண்ணீருக்குள் எரிந்த வாணம்

நேற்று தொலைக்காட்சியில் ஒரு ராக்கெட் கிளம்பியது. இருபுறமும் ஒட்டியிருந்த திட எரிபொருள் மோட்டார்கள் சீறியதும், தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சீறலைத் தொண்ணூறுகளில், எட்டு வயதில், இலங்கையில் குருவிட்ட என்ற ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் கேட்டிருக்கிறேன்.

அம்மன் திருவிழாவுக்குச் சித்தப்பாதான் வாணம் கட்டுவார். அந்த வருடம் கைப் பருமனில் ஒன்று செய்து, பொழுது சாயும் நேரத்தில் பற்றவைத்தார். அது மேலே போகாமல் சாய்ந்து பாய்ந்து, கோயிலுக்குப் பின்னால், மாணிக்கக்கல் தோண்டிக் கைவிடப்பட்டிருந்த குழிக்குள் விழுந்தது. மண் சரிந்து செல்லம்மா அத்தையின் புருஷன் புதைந்துபோன குழி அது. உடலை எடுக்கவே முடியவில்லை. பிறகு மழைத்தண்ணீர் நிரம்பிவிட்டது.

வாணம் அணையவில்லை. கலங்கல் தண்ணீர் அடியிலிருந்து சிவப்பாக ஒளிர்ந்தது. குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தன. மேளம் நின்றுபோனது.

“அவரு மூச்சு விடுறாருங்க!” என்று அத்தை தண்ணீருக்குள் காலை வைத்தார்.

சித்தப்பா ஓடிப்போய் இழுத்துப் பிடித்தார். “ஐயோ அக்கா, அது வாண மருந்துங்க!”

வெளிச்சம் மெல்ல அடங்கியது.

“அந்த எரிபொருளுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கும்மா. வெளிக்காத்தே தேவையில்ல,” என்றாள், நேற்று தொலைக்காட்சி முன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மகள். எனக்குப் புரிந்தது.

ஆனால் மறுநாள் காலையில் அத்தை தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சித்தப்பாவிடம் கேட்டதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இன்னொன்னு செஞ்சு குடுங்க தம்பி. உள்ள ரொம்ப இருட்டா இருக்குங்கிறாரு.”